பானெட்டில் மூன்று விரல்

அத்தியாயம் 9

கிருஷ்ணன்கோவில் வளைவில் கார் கண்மாய்க்குள் இறங்காமல் தப்பியதிலிருந்து சுந்தரபாண்டியன் சரியாகத் தூங்கவில்லை. யாரோ தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். விளக்கில்லாமல் நடுரோட்டில் வந்த கட்டைவண்டிதான் காரணம் என்று டிரைவர் தேவஇரக்கம் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் ஏறவில்லை. சொத்துள்ளவனுக்குப் பயம் வந்துவிட்டால் வண்டிமாடு கண்ணுக்குத் தெரியாது. எதிரிதான் தெரிவான்.

தேவஇரக்கத்தின் பயம் வேறு. முன்பு அவன் ஓட்டிய பஸ் ஒன்று கவிழ்ந்தது. தப்பு அவன் மேல் இல்லை என்று தீர்ப்பான பிறகும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. சுந்தரபாண்டியன் ஒருத்தர்தான் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் பெண்டாட்டியோடு குடியிருக்கவும் சொன்னார். கண்மாய்க் கரையில் வண்டி நின்ற அன்றைக்கு அவரே, "இனி இந்தக் கார்ல ஒரு கீறல் விழுந்தாலும் நீ கெளம்பிரு" என்றும் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். இங்கிருந்து போனால் தேவஇரக்கம் மறுபடி வண்டி தொடப்போவதில்லை.

இன்றைக்கு அந்தக் கார் ராஜபாளையம் போக வேண்டும். தாயில்லாத மகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் வைத்து நிச்சயம் செய்கிற நாள்.

விடிந்ததும் தேவஇரக்கம் ஷெட் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

பானெட்டின் நடுவில், முன்பக்க ரேடியேட்டருக்குச் சற்று மேலே, யாரோ மூன்று விரலால் இழுத்த மாதிரி மூன்று கோடு இருந்தது. கருஞ்சிவப்பாகக் காய்ந்து பொரிந்திருந்தது.

ரத்தம் என்றுதான் நினைத்தான். வேதக்காரன், செய்வினையை நம்பக்கூடாதவன், அவன் வாயிலேயே 'ஏசுவே' என்று வந்தது.

அந்த நேரம் பார்த்து அவன் பெண்டாட்டி அன்னத்தாய் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, கதவச் சாத்து."

"எதுக்கு?"

"சாத்துங்கேன்லா."

சாத்திவிட்டு வந்து பார்த்தாள். பயப்படுகிறவளாகத் தெரியவில்லை. விரலை நனைத்து ஒரு கோட்டைச் சுரண்டி மோந்தாள்.

"இதுக்கா இப்படி வேர்த்து நிக்கிய? மஞ்சளும் சுண்ணாம்பும்லா. ஆலத்தி."

"ஆலத்தியா?"

"எங்க பெரியம்மை வீட்டுல எம்புட்டுப் பாத்திருக்கேன். அவுக இன்னும் வேதத்துக்கு வரலியே. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பப் போட்டா செவந்துரும். கண்ணேறு கழியச் சுத்திட்டு நெத்தியில தொட்டு வைப்பாக. வண்டிக்கு நெத்தி எங்கன இருக்கு? அதான் இங்கன வச்சிருக்காக."

தேவஇரக்கத்துக்கு மூச்சு வந்தது. ஈரத்துணியால் துடைத்தான். சிவப்பு எளிதாகப் போய்விட்டது. அதற்கடியில் இருந்ததுதான் போகவில்லை. கண்ணாடி போல மின்னுகிற கறுப்பில் மூன்று விரல் அளவுக்குச் சாம்பல் பூத்துக் கிடந்தது. தடவினால் சொரசொரத்தது. சுண்ணாம்பு பெயிண்டைத் தின்றிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வ. புதுப்பட்டி போய்த் திரும்பியவன், இஞ்சின் சூடு ஆறுவதற்குள் ஷெட்டைச் சாத்திவிட்டு, அன்னத்தாயோடு லெந்து கால ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போய்விட்டான். அப்போதுதான் யாரோ வந்திருக்கிறார்கள். கொதிக்கிற தகரத்தின் மேல் சுண்ணாம்பு. அதற்கு மேல் கேட்கவா வேண்டும்.

கறுப்பு பெயிண்டுக்கு வெயிலைப் போல விரோதி கிடையாது. விழுகிற சூட்டை எல்லாம் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதனால் தேவஇரக்கம் வெயிலில் நிறுத்தி வண்டியைக் கழுவ மாட்டான். காய்ந்த தூசியைத் துணியால் தட்ட மாட்டான், கீறல் விழும். காக்காய் எச்சம் விழுந்தால் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு ஓடுவான். அவ்வளவு காபந்து செய்த கறுப்பில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இந்த வேலையைப் பார்த்துவிட்டது.

"பல்பொடி எடுத்துட்டு வா" என்றான்.

வெள்ளைப் பல்பொடியை எண்ணெயில் குழைத்து, பழைய மல்துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தான். அழுத்தித் தேய்த்தால் கறுப்பே உரிந்து தகரம் பல்லைக் காட்டும். அழுத்தாமல் தேய்த்தால் கறை நகராது. 

பின்கதவு கிறீச்சிட்டது. முதலாளியின் தங்கை நாச்சியார் வந்து நின்றாள். கான்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்து, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தாயில்லாத அந்தப் பெண்ணை வளர்த்ததெல்லாம் அவள்தான். மூன்று கோட்டையும் பார்த்துவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"தொடச்சாப் போயிரும்னு நெனச்சேன்" என்றாள்.

தேவஇரக்கம் தேய்ப்பதை நிறுத்தினான். "நீங்களாம்மா?"

"அண்ணன் ராத்திரியெல்லாம் முழிச்சே கெடக்காக. நல்ல காரியத்துக்குப் போறாக, ஆலத்தி எடுக்கச் சுமங்கலின்னு இந்த வீட்டுல ஒருத்தி கெடையாது. நான் மனுசருக்கு எடுக்கக்கூடாது. வண்டிக்குத்தானன்னு…"

 தாலி அறுத்தவள் நல்ல நாளில் எதிரே வருவதையே பொறுக்காத வீடு அது. நிச்சயத்துக்குப் போகிற வண்டிக்கு அவள் ஆலத்தி எடுத்தாள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"என்னக் கான்சாபுரத்துல கொண்டு தள்ளிருவாக, தேவஇரக்கம். எங் கொழுந்தன் வீட்டுல ஒரு வருசம் இருந்திருக்கேன். மறுபடி அங்க போறதுக்கு…"

கிணற்றுப் பக்கம் பார்த்தாள். 

தேவஇரக்கம் துணியை மறுபடி பல்பொடியில் தோய்த்தான். பெரிய வீட்டு அழுகையை அவன் நம்புகிற ஆள் இல்லை. அழுகிறவர்கள் உள்ளே போய்விடுவார்கள். வெளியே நிற்கிறவன் தலையில்தான் விடியும். இது அவன் பஸ் கவிழ்ந்தபோது படித்த பாடம்.

அன்னத்தாய்தான் பேசினாள். "எங்க வாயிலேர்ந்து வராதும்மா. நீங்க உள்ள போங்க, மொதலாளி எந்திரிக்கிற நேரமாச்சு."

நாச்சியார் போன பிறகு அவன் திரும்பினான். "ஒன்ன ஆரு வாக்குக் குடுக்கச் சொன்னா?"

"நீங்க குடுக்கலியே. நாந்தான குடுத்தேன்."

"வேலை போறது எனக்குல்லா."

"அப்ப வாயாடாமத் தேய்ங்க."

தேய்த்தான். பிறகு மெழுகு. ஜெர்மன்காரன் சண்டை வந்த பிறகு சீமை பாலீஷ் டப்பா மதுரைக் கடைகளிலேயே காணவில்லை. செண்பகத்தோப்பு மலையிலிருந்து இறங்குகிற தேன்மெழுகை உருக்கி, டர்ப்பன்டைன் ஊற்றி, அவனே கிண்டி வைத்திருந்தான். அதை மெல்லிசாகப் பூசி, மங்கவிட்டு, துடைத்தெடுத்தான். கோடு மூன்றும் மெழுகுக்கடியில் மறைந்தன. உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. போய்விட்டது என்று அன்னத்தாய் சொன்னாள். மறைந்திருக்கிறது, போகவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சுந்தரபாண்டியன் வந்து வண்டியைச் சுற்றினார். பானெட்டில் குனிந்து தன் முகத்தையே பார்த்தார்.

"மூஞ்சி தெரியுதுல" என்றார். அவர் அதிகபட்சமாகப் பாராட்டுவது இதுதான்.

பின்மதியம் புறப்பட்டார்கள். பின்சீட்டில் சுந்தரபாண்டியனும் தாம்பூலத் தட்டும். சொந்தக்காரர்கள் முன்னாலேயே வில்வண்டியில் போயிருந்தார்கள். பங்குனி வெயில் ரோட்டில் கானலாய் ஓடியது. கீழே இஞ்சின் சூடு, மேலே சூரியன், நடுவில் அந்தத் தேன்மெழுகு. சட்டியில் வைத்து உருக்கியது சட்டியில்லாமலும் உருகும். தேவஇரக்கம் ரோட்டைப் பாதியும் பானெட்டைப் பாதியும் பார்த்து ஓட்டினான்.

"என்னல, கண்ணு ரோட்டுல இல்ல?"

"இருக்கு மொதலாளி."

"அந்த வளைவுக்குப் பொறவு எனக்கு ஒன்னயும் நம்பத் தோணல."

ராஜபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. தேவஇரக்கம் அந்த நிழலுக்கு வண்டியைத் திருப்பினான்.

"எங்க போற? வாசலுக்கு நேரா விடு. நாலு பேரு பாக்கட்டும்."

வாசலுக்கு நேரே கொட்டுகிற வெயில். விட்டான். சுந்தரபாண்டியன் தட்டோடு உள்ளே போனார்.

செத்த நேரத்துக்கெல்லாம் மெழுகு வியர்க்கத் தொடங்கியது. முதலில் ஒரு மங்கல். பிறகு அந்த மங்கலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கடியில் கிடக்கிற கை மேலே வருகிற மாதிரி, ஒரு விரல் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதும்.

துணியை எடுத்துத் தேய்த்தான். அது அவன் செய்த மடத்தனம். சூட்டில் இளகிய மெழுகைத் தேய்க்கக்கூடாது என்று அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். பயம் வந்தால் கை மூளையைக் கேட்பதில்லை. மெழுகு இழுவிக்கொண்டு போனது. தெருப்புழுதி அதில் வந்து அப்பியது. பானெட் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஆகி, சொரசொரத்த இடத்தில் புழுதி கெட்டியாகப் பிடித்து, விரல் மூன்றும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

எதிர்வீட்டு வாசலில் நின்ற இரண்டு பேர் தெலுங்கில் என்னமோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் தோள் துண்டை உருவி பானெட்டில் விரித்து, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். துண்டையும் தாண்டி உள்ளங்கை பொரிந்தது. எடுக்கவில்லை.

உள்ளே பேச்சு முடிகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் வெள்ளத்தாய் முன்னால் வந்தாள். பெருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம், எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண். பின்னால் சுந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டு வந்தார்.

"வெத்தல பாக்கு மாத்துறதுக்கு முன்னால ஒங்க காரப் பாத்துருவோம் அண்ணே. ஊரெல்லாம் அதைத்தான சொல்லுதாக" என்றவள் தேவஇரக்கத்தைப் பார்த்து நின்றாள். "ஏம்ப்பா, வண்டியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்க? ஓடிப் போயிருமா?"

"வெயில்மா. சூடு தாக்காம…"

"ஒங் கை வெந்துரும். எடு துண்ட."

முதலாளியைப் பார்த்தான். "எடுல" என்றார் அவர்.

எடுத்தான்.

சுந்தரபாண்டியன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு அழிந்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். மூன்று விரல். தன் வண்டி நெற்றியில்.  தேவஇரக்கம் இதற்கு முன் அவர் கோபத்தைப் பார்த்திருக்கிறான், குடிவெறியைப் பார்த்திருக்கிறான். அவர் பயந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதைப் பார்த்து இவனுக்கு இன்னும் பயம் கூடியது.

வெள்ளத்தாய் பயப்படவில்லை. குனிந்து, ரேடியேட்டர் விளிம்பு இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினாள். சிவப்பாகத் துளி பொடி வந்தது. மோந்து பார்த்தாள்.

"ஆலத்தி" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "பொறப்படும்போதே எடுத்துட்டா வந்திய? நல்ல பழக்கம் அண்ணே. இந்தக் காலத்துல ஆரு செய்யுதா." மலர்ந்த முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆமா, ஒங்க வீட்டுல சுமங்கலி ஆரு இருக்கா?"

அவளே விரல் மடக்கி எண்ணினாள்.

"மதினி போயிட்டாக. ஒங்க தங்கச்சி ஒருத்தி இருக்காகன்னு சொன்னாக. அவுக…" அவள் முடிக்காமல் சுந்தரபாண்டியன் முகத்தைப் பார்த்தாள். "எம் பிள்ளை வந்து நிக்கப்போற வாசல். கேக்கணும்லா."

சுந்தரபாண்டியன் முகத்து வேர்வையைத் துடைத்தார். அவர் மெதுவாகத் திரும்பி டிரைவரைப் பார்த்தார். வெள்ளத்தாயும் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் நாச்சியார் கான்சாபுரம் போவாள், அல்லது கிணற்றுக்கு. நிச்சயமும் நின்றுபோகும். தெரியாது என்று சொன்னால் செய்வினை என்று ஆகும், கவனிக்காத டிரைவர் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். இவ்வளவையும் அவன் யோசித்தான் என்று எழுதினால் அது பொய். வெந்த கை எரிந்துகொண்டிருந்தது. வாய் தானாகச் சொன்னது.

"எம் பெண்டாட்டிம்மா."

"ஒம் பேரென்ன?"

"தேவஇரக்கம்."

"வேதக்காரன்லா நீ? வேதக்காரி ஆலத்தி எடுப்பாளா?"

"மொதலாளி மேல உள்ள பாசத்துல எடுத்துட்டாம்மா. எங்க உபதேசியாருக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாரு."

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தாள். "வேலைக்காரிக்கே இம்புட்டுப் பாசமுள்ள வீடா. அப்ப எம் பிள்ளைக்கு என்ன கொறை வரப்போகுது. வாங்க அண்ணே, தட்ட மாத்துவோம்."

தட்டு மாற்றினார்கள். வாசலில் நின்ற தேவஇரக்கத்துக்கு உள்ளே கேட்ட குலவை காதில் ஏறவில்லை. பொய் என்று நினைத்துச் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் பொய் இல்லை. சபையை நடத்துகிற உபதேசியார் நிஜமாகவே தொலைத்துவிடுவார். பெரிய வெள்ளிக்கு முன்னால் இந்தச் சேதி சபைக்குப் போனால் இரண்டு பேருக்கும் சர்ச்சில் அப்பமும் ரசமும் தருகிற இராப்போஜனம் கிடையாது. செய்யாத காரியத்துக்கு அன்னத்தாய் சபை நடுவில் எழுந்து நிற்க வேண்டும். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் ஆத்துமாவை ராஜபாளையம் தெருவில் வைத்து விற்றாயிற்று.

திரும்பும்போது சுந்தரபாண்டியன் பின்சீட்டில் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. கண்ணாடிக்கு அப்பால் அந்த மூன்று விரல் அவருக்கு நேரே இருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"அன்னத்தாய்க்கு ஆலத்தி எடுக்கத் தெரியுமோ?"

"தெரியும் மொதலாளி."

"ஆரு சொல்லிக் குடுத்தா?"

"அவ பெரியம்மை."

"ம்."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்வரை அந்த மூன்று விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று தேவஇரக்கத்துக்கு இருந்தது.

வீட்டு முன்னால் வண்டி நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. சுந்தரபாண்டியன் இறங்கினார், வாசற்படி ஏறவில்லை.

"நாச்சியா" என்று கூப்பிட்டார். "நிச்சயம் ஆயிட்டு. ஆலத்தி கரைச்சு வையி. ஏலே, ஆராச்சும் போயி அன்னத்தாயக் கூட்டியாங்க. காருக்கு எடுத்தவ எனக்கும் எடுக்கட்டும்."

களத்து வேலைக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வேதக்காரி ஆலத்தி எடுக்கிறதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. அதில் ஒருத்தன் உபதேசியார் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் என்பதைத் தேவஇரக்கம் பார்த்தான்.

நாச்சியார் தட்டைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். தட்டு தரையில் உட்கார்வதற்குள் தண்ணீர் தளும்பியது. நிமிராமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்னத்தாய் ஷெட் பக்கமிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தேவஇரக்கம் இரண்டு எட்டு எதிரே போனான்.

"நீதான்னு சொல்லிட்டேன்" என்றான், உதடு அசையாமல்.

"எது நாந்தான்?"

சொல்ல நேரமில்லை. அவள் படியிலிருந்த தட்டைப் பார்த்தாள். சிவந்த தண்ணீரைப் பார்த்தாள். புருஷன் உள்ளங்கையில் பொங்கியிருந்த கொப்புளத்தைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை அவன் பார்த்தான். இதற்கு மன்னிப்பு என்று ஒன்று அவளிடம் இருக்குமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எடும்மா" என்றார் சுந்தரபாண்டியன். கிழக்கே பார்த்து நின்றார். வாசற்கதவு அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது.

அன்னத்தாய் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே நின்றாள். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். ஜெபித்தாளோ என்னமோ. தட்டைத் தூக்கினாள்.

தூக்கியவள் நின்றுவிட்டாள். பார்த்திருக்கிறாளே ஒழிய எடுத்ததில்லை. எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சுற்றுவது? இடது பக்கமாக ஒருதரம் இழுத்தாள். வேலைக்காரர்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். தட்டு நடுங்கி, ஒரு சொட்டு அவள் காலில் விழுந்தது.

அன்னத்தாய் கண்ணை உயர்த்திக் கதவைப் பார்த்தாள்.

கதவிடுக்கில் நாச்சியாரின் வலதுகை மட்டும் தெரிந்தது. இடுப்பளவில், காற்றில், அந்தக் கை சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுவது நாச்சியாருக்கே தெரியாது. நின்ற இடத்திலிருந்து அவள் கண் அண்ணன் நெற்றியில் இருந்தது. அண்ணன் நன்றாக இருக்கட்டும் என்று, நிதானமாக, இத்தனை வருஷம் யாருக்கும் எடுக்க விடாத அந்தக் கை தானாகச் சுற்றிற்று.

அன்னத்தாய் அதைப் பார்த்து அதே பக்கமாகச் சுற்றினாள். தட்டு நேரானது. சிரித்தவள் அடங்கினாள். 

அவள் சுற்றி முடித்து, விரலைத் தோய்த்து, பொட்டு வைக்கக் கையைத் தூக்கினாள். சுந்தரபாண்டியன் நெற்றியைத் தாழ்த்தவில்லை. அன்னத்தாயின் விரல் அந்தரத்தில் நின்றது.

அவர் முகத்தைத் திருப்பி, கதவிடுக்கில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.